மின் லாரிகளும் பேருந்துகளும்: பேட்டரிக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறுதல்

விற்று முடித்த வாகனத்தில் உயிருக்கு ஆபத்தான உற்பத்திக் குறைபாடு இருப்பது தெரியவந்தால், தயாரித்த நிறுவனமே தன் செலவில் அதை வரவழைத்துச் சரிசெய்து தர வேண்டும். தொழிலில் இதை ரீகால் என்பார்கள். செய்தித்தாள்கள் திரும்பப் பெறுதல் என்று எழுதுகின்றன. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் போன்ற பாகங்களுக்கு இது பல்லாண்டுகளாகப் பழகிய நடைமுறை. பேட்டரி பேக் அந்தப் பட்டியலில் சேர்ந்தபோது நடைமுறையின் அடிப்படை ஒன்று மாறியது. பிரேக் பழுதான லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டால் ஆபத்து அத்துடன் நின்றுவிடும். பேட்டரி பழுதான லாரி நிறுத்திய இடத்திலேயே, சாவி எடுத்த பிறகும், ஆள் இல்லாத நள்ளிரவிலும் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே, அழைப்பு வந்த நாளுக்கும் புது பேக் பொருத்தப்படும் நாளுக்கும் இடையே வண்டியை எங்கே நிறுத்துவது, எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது, யார் கண்காணிப்பது என்பனவும் திரும்பப் பெறுதலின் பகுதியாகிவிட்டன.

வணிக வாகனங்களில் இந்தச் சிக்கல் பெரிதாகிறது. ஒரு மின் காரின் பேட்டரி பெரும்பாலும் 40 முதல் 80 கிலோவாட் மணி, அதாவது அத்தனை யூனிட் மின்சாரம் கொள்ளும். நகரப் பேருந்துக்கு 200 முதல் 400 யூனிட் வரை தேவைப்படும். நெடுந்தூரக் கனரக லாரிக்கு 700 யூனிட்டைத் தாண்டும். கார் வீட்டு வாசலில் தனியாக நிற்கிறது. பேருந்துகளோ இரவில் பணிமனையில் கண்ணாடியோடு கண்ணாடி உரசும்படி வரிசையாக நின்று சார்ஜ் ஏறுகின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி ஒரு பணிமனையில் பற்றிய தீயில் 25 பேருந்துகள் எரிந்தன. சார்ஜில் இருந்த மின் பேருந்து ஒன்றிலிருந்து தீ தொடங்கியிருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது; எரிந்தவற்றில் பெரும்பாலானவை டீசல் பேருந்துகள். ஒரு வண்டியின் குறை அதன் உரிமையாளரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

குறைபாடு எங்கே பிறக்கிறது என்பதைப் பார்க்க பேக்கின் உள்ளமைப்பைச் சற்று அறிய வேண்டும். அடிப்படை அலகு செல். அதனுள் ஆனோடு, கேத்தோடு என்னும் இரு தகடுகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் இடைத்திரை ஒன்று, எரியக்கூடிய கரைசலில் நனைந்தபடி இருக்கும். செல்கள் சேர்ந்து மாட்யூல், மாட்யூல்கள் சேர்ந்து பேக். பேக்குக்குள் குளிர்விக்கும் கூலண்ட் ஓடும் குழாய்களும், ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கவனிக்கும் மேலாண்மைச் சுற்றும் உண்டு. இடைத்திரை மடிந்தாலோ, தகட்டின் முனை கிழிந்தாலோ, உலோகத் துகள் ஒன்று உள்ளே சிக்கினாலோ இரு தகடுகளும் தொட்டுக்கொள்ளும். அங்கே வெப்பம் எழும். ஏறத்தாழ 130 டிகிரியில் பாலிஎத்திலீன் இடைத்திரை உருகும். அதற்கு மேல் வேதிவினைகள் தாமே வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்க, பேக் முழுவதும் தொடர் தீயாகிறது. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் வெளியேறும். ஆக்ஸிஜனின் ஒரு பகுதி கேத்தோடிலிருந்தே கிடைப்பதால் மூடி அணைக்கும் முறை இங்கே பலிப்பதில்லை. அணைந்ததாகத் தோன்றும் பேக் சில மணி நேரமோ சில நாளோ கழித்து மறுபடி எரிவதும் உண்டு.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை செல்களில் தொடர் தீ மூளும் வெப்ப எல்லை அதிகம். இந்தியப் பேருந்துகளில் அவை பரவலாக இருப்பது நல்லதே. ஆனால் அதைக் காட்டி அந்த வகையில் ஆபத்தே இல்லை என்று சொல்வது தவறு. கூலண்ட் கசிந்து உயர் மின்னழுத்தப் பாகங்களின் மேல் படிந்தால், செல்லின் வேதியியல் எதுவானாலும் மின்பொறி எழும்.

கூலண்ட் கசிவால் ஒரு நிறுவனம் தன் மின் லாரிகள் அனைத்தையும் அழைக்க நேர்ந்த நிகழ்ச்சி அமெரிக்காவின் நிக்கோலாவுடையது. அரிசோனா மாநிலத்தின் கூலிட்ஜில் ஆலை வைத்திருந்த நிக்கோலா, ட்ரே என்னும் கனரக மின் லாரியை விற்றுவந்தது. 2023 ஜூன் 23 அதிகாலை, ஃபீனிக்ஸ் நகரில் அதன் தலைமையகத்தில் நிறுத்தியிருந்த லாரிகள் எரிந்தன. யாருக்கும் காயமில்லை. யாரோ வேண்டுமென்றே வைத்த தீயாக இருக்கலாம் என்று நிறுவனம் அன்றே சந்தேகம் தெரிவித்தது. வெளி நிபுணர்களின் ஆய்வு வேறொன்றைக் காட்டியது: ஒரு பேக்கின் உள்ளே கூலண்ட் கசிந்திருந்தது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி கூலிட்ஜில் நின்றிருந்த சோதனை லாரி ஒன்றின் பேக்கிலும் சிறிய அளவில் அதேபோல் வெப்பம் எழுந்தது. மறுநாள், விற்பனையை நிறுத்திவைத்து, ஏறத்தாழ 209 லாரிகளைத் திரும்பப் பெறுவதாக நிக்கோலா அறிவித்தது. பேக்கினுள் இருந்த, ஒரே சப்ளையரிடம் வாங்கிய பாகம் ஒன்றே கசிவுக்குக் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது.

அந்த அறிவிப்போடு லாரி வைத்திருந்தவர்களுக்குப் போன அறிவுரை கவனிக்கத்தக்கது. லாரியை ஓட்டலாம், ஆனால் முதன்மை பேட்டரித் துண்டிப்பு சுவிட்சை எப்போதும் ஆன் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும், வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். ஓட்டுநருக்கு இது தலைகீழாகத் தோன்றும். மின்சார ஆபத்து என்றால் மெயினை அணைப்பதுதான் யாருக்கும் முதலில் வரும் புத்தி. ஆனால் சுவிட்சை அணைத்தால் லாரி நிறுவனத்தின் கண்காணிப்பு மையத்தோடு பேசுவதும் நின்றுவிடும். உள்ளே வெப்பம் ஏறுவது யாருக்கும் தெரியாமல் போகும். சிக்னல் தடையின்றிக் கிடைக்கவும், மென்பொருள் திருத்தம் காற்றலை வழியே வந்து சேரவும் திறந்தவெளி உதவும். இத்தகைய அறிவுரை கடிதமாக முதலாளியின் மேசையில் கிடந்தால் பயனில்லை; இரவு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் ஓட்டுநரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதுவரை தயாரித்த 3,100-க்கும் மேற்பட்ட பேக்குகளில் இரண்டில் மட்டுமே வெப்பச் சம்பவம் நேர்ந்தது, 0.07 சதவீதத்துக்கும் குறைவு என்று நிறுவனம் கணக்குக் காட்டியது. கணக்கு சரிதான். ஆனால் ஒவ்வொரு லாரியிலும் பல பேக்குகள் இருந்தன. அவற்றில் எது ஒன்று பற்றினாலும் லாரியே போகும். அடுத்து எது கசியும் என்று சொல்லவும் வழியில்லை. விகிதம் சிறியது என்பதற்காகக் காத்திராமல் அத்தனையையும் அழைத்தது சரியான முடிவே. அதன் விலையோ பெரிது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் இதற்காக 6 கோடி டாலருக்கும் மேல் செலவாகக் கணக்கில் எழுதப்பட்டது. லாரிக்கு ஏறக்குறைய 3 லட்சம் டாலர் ஆகிறது. பேக்குகளைச் செய்துதந்த ரோமியோ பவர் நிறுவனத்தை நிக்கோலா 2022-இல் பங்கு பரிமாற்றத்தில் வாங்கியிருந்தது. 2023 நடுவில் அதைக் கடன் கொடுத்தவர்களுக்காகக் கலைக்கவும் விட்டுவிட்டது. ஆகவே வேறு சப்ளையரின் பேக்குகளைப் பொருத்தி லாரிகளைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அந்த வேலை அடுத்த ஆண்டும் நீண்டது. 2025 பிப்ரவரியில் நிக்கோலா திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது.

பேக்கை மாற்றாமல் மென்பொருளாலேயே தப்பிக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. தென்கொரியாவில் பேருந்துகளையும் அது தொட்டது. ஹூண்டாயின் கோனா மின் கார்கள் தொடர்ந்து தீப்பிடித்ததால், 2020 அக்டோபரில் அவற்றைத் திரும்பப் பெற்று, பேட்டரி மேலாண்மை மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அப்படிப் புதுப்பித்த கார் ஒன்றே 2021 ஜனவரியில் டேகு நகரில் எரிந்தது. பிப்ரவரியில் சாங்வோன் நகரில் ஹூண்டாயின் எலெக் சிட்டி மின் பேருந்து ஒன்றும் தீப்பிடித்தது. அதே மாத இறுதியில் கோனா, அயோனிக் கார்களோடு 300-க்கும் மேற்பட்ட எலெக் சிட்டி பேருந்துகளும் சேர்த்து, உலக அளவில் சுமார் 82,000 வாகனங்களின் பேட்டரியையே மாற்ற ஹூண்டாய் முன்வந்தது. செலவு ஏறத்தாழ 1 லட்சம் கோடி வான் என்று மதிப்பிடப்பட்டது. செல் தயாரித்த எல்ஜி நிறுவனத்தின் சீன ஆலையில் உருவான சில செல்களில் ஆனோடின் முனை மடிந்திருந்தது காரணமாகச் சுட்டப்பட்டது. காருக்கும் பேருந்துக்கும் செல் ஒரே ஊற்றிலிருந்து வருவதால் குறையும் ஒன்றாகவே வருகிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே போல்ட் காரிலும் இதே வரிசைதான். 2020 நவம்பரில் சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தும் தற்காலிக ஏற்பாடு. பின்னர் பழுதான செல்லைக் கண்டறியும் மென்பொருளே முடிவான தீர்வு என்ற அறிவிப்பு. அந்தத் தீர்வு பெற்ற கார்களிலேயே தீ. 2021 ஆகஸ்டில், அதுவரை விற்ற போல்ட் அத்தனையும், 1,40,000-க்கும் மேல், திரும்பப் பெறப்பட்டன. கிழிந்த ஆனோடு முனை, மடிந்த இடைத்திரை ஆகிய இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து நேரும்போதுதான் தீ மூள்கிறது என்பது அந்த ஆண்டில்தான் உறுதியாயிற்று. இடைக்காலத்தில் மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்றுகூட உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. ஐம்பது பேருந்து நிற்கும் பணிமனையில் ஒவ்வொன்றுக்கும் 50 அடி விடுவதானால் பணிமனையே போதாது. பேக்கைத் திறந்து காரணத்தைக் காணாமல் மென்பொருளை மட்டும் மாற்றும்போது கிடைப்பது கால அவகாசம். அந்த அவகாசத்துக்கும் மதிப்புண்டு. அதைத் தீர்வு என்று அறிவித்து, பயன்படுத்துவோரின் எச்சரிக்கையைத் தளர்த்தியதே இவ்விரு நிறுவனங்களும் செய்த தவறு.

பேருந்து நடத்தும் அமைப்புகள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் முறையான அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. பாரிஸில் 2022 ஏப்ரலில் ஒரே மாதத்துக்குள் போலோரே குழுமத்தின் புளூபஸ் பேருந்துகள் இரண்டு சாலையில் எரிந்தன. பயணிகள் தப்பினர். நகரப் போக்குவரத்து அமைப்பு அந்த மாடலின் 149 பேருந்துகளையும் உடனே ஓரங்கட்டியது. லண்டனில் 2024 ஜனவரியில் விம்பிள்டன் பகுதியில் ஸ்விட்ச் நிறுவனத்தின் இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்று தீப்பிடித்ததும், அந்த வழித்தடத்தில் ஓடிய அதே வகைப் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. சென்னை அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்தது ஸ்விட்ச். அதே ஆண்டு பிரிட்டனில் வேறு இரு நிறுவனங்கள் கூட்டாகச் செய்த 1,700-க்கும் மேற்பட்ட மின் பேருந்துகள் தீ அபாயத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. குறை அங்கே பேட்டரியில் இல்லை, ஏசி மற்றும் வெப்பமூட்டும் அமைப்பில் இருந்தது. மின் பேருந்தில் தீ என்றாலே பேட்டரிமேல் பழி போடுவதும் ஆய்வைத் திசை திருப்பும்.

அழைத்தபின் செய்ய வேண்டிய வேலை காரைவிடப் பல மடங்கு. பேருந்தின் பேக்குகள் கூரையிலோ தளத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ பிரித்து வைக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றும் சில நூறு கிலோ எடை. கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ, பல நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் பணியாற்றப் பயிற்சி பெற்ற ஆட்களோ இல்லாமல் கழற்ற முடியாது. கழற்றியதைக் கொண்டுபோவது அதைவிடச் சிரமம். பழுதான லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றவே அனுமதி இல்லை. தரை வழியில் கொண்டுசெல்லவும், பேட்டரி எந்நேரமும் எரியலாம் என்று கருதிச் செய்த தனிப் பெட்டிகள் வேண்டும். மாற்றுப் பேக் வந்து சேர மாதங்கள் ஆகும். அதுவரை கழற்றிய பேக்குகளைக் கட்டடங்களிலிருந்து தள்ளிய இடத்தில் காவலோடு வைக்க வேண்டும்.

தீயணைப்புத் துறையின் சுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் 2024 ஆகஸ்டில் டெஸ்லாவின் மின் லாரி ஒன்று சாலையை விட்டு விலகி மோதி எரிந்தது. அது விபத்து, உற்பத்திக் குறை அன்று. ஆனாலும் பேக்கைக் குளிர்விக்க ஏறத்தாழ 50,000 கேலன், அதாவது 1,90,000 லிட்டர் தண்ணீர் போனது. சாலை பல மணி நேரம் மூடிக் கிடந்தது. ஊருக்கு வெளியே ஒற்றை லாரிக்கே இவ்வளவு.

சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதும் பார்க்க வேண்டியதே. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம்தான் அடித்தளம். குறைபாடு என்று முடிவானதும் ஐந்து வேலை நாளுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கும், அதன்பின் 60 நாளுக்குள் உரிமையாளர்களுக்கும் தெரிவிக்க வேண்டும், திருத்தம் இலவசம். நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரினாலும் அந்தக் கடமை தானாக ரத்தாவதில்லை. ஏட்டில் இது நல்ல பாதுகாப்பு. நடைமுறையில், கழற்றி மாட்ட ஆளும் பேக் வாங்கப் பணமும் இல்லாத நிறுவனத்திடம் கடமையை மட்டும் நினைவூட்டி லாரியைச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பை இச்சட்டத்தின் இலவசத் திருத்தம் ஈடுகட்டுவதில்லை. கார் வைத்திருப்பவருக்கு அது சிரமம். தவணை கட்டி லாரி ஓட்டுபவருக்குப் பிழைப்பே போகும்.

சீனா வடிவமைப்பிலேயே கடிவாளம் போட்டது. 2020-ஆம் ஆண்டின் தரம், ஒரு செல்லில் வெப்பம் கட்டுமீறினால் பயணிகளுக்கு ஆபத்து நேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பாவது எச்சரிக்கை எழ வேண்டும் என்றது. 2026 ஜூலை முதல் நடைமுறைக்கு வரும்படி 2025-இல் வெளியிட்ட தரமோ, தீயும் வெடிப்பும் நேரவே கூடாது என்கிறது. ஐந்து நிமிடம் ஒரு காரிலிருந்து இறங்கப் போதும். நெரிசல் நேரத்துப் பேருந்திலிருந்து முதியவரும் குழந்தைகளும் இறங்க அது மிகக் குறுகிய நேரம் என்பதால் இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது.

இந்தியாவில் திரும்பப் பெறுதலுக்குச் சட்ட வலு வந்தது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவால். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. பேட்டரிக்கு மிகவும் ஏற்ற ஓர் அம்சம் அந்தப் பிரிவில் இருக்கிறது: குறை ஒரு பாகத்தில் இருந்தால், வாகனத்தின் வகையோ ரகமோ எதுவாயினும் அந்தப் பாகம் பொருத்திய அத்தனையையும் அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். ஒரே ஆலையின் செல் ஆட்டோவிலும் வேனிலும் பேருந்திலும் போவதால் இந்த அதிகாரம் விலைமதிப்பற்றது.

புகார் எண்ணிக்கையை வைத்துக் கட்டாய அழைப்புக்குப் போகும் விதிதான் பேட்டரித் தீக்குப் பொருந்தவில்லை. பேருந்து, லாரிக்கு ஆண்டு விற்பனையில் 3 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கதவுப் பூட்டு, சஸ்பென்ஷன் போன்ற குறைகளுக்கு அது நியாயமான அளவு. நிக்கோலாவில் எரிந்த பேக்குகளின் விகிதம் 0.07 சதவீதத்துக்கும் கீழே என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருத்தமின்மை விளங்கும். சோதனை நிறுவனமோ வேறு வழியோ குறையைத் தெரிவித்தாலும் அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. தீச் சம்பவங்களில் அந்த வழியைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். புகார் எண்ணிக்கை கூடும்வரை பொறுத்திருந்தால் அதற்குள் பணிமனைகள் எரிந்திருக்கும்.

நாட்டில் இந்த விவாதத்தைத் தொடங்கிவைத்தது வணிக வாகனம் அன்று, ஸ்கூட்டர். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். ஏப்ரலில் நாசிக் அருகே லாரியில் ஏற்றிப்போன புது ஸ்கூட்டர்கள் கண்டெய்னரிலேயே எரிந்தன. அடுத்தடுத்து ஒகினாவா 3,215, ப்யூர் இ.வி. 2,000, ஓலா 1,441 வண்டிகளைத் திரும்பப் பெற்றன. அதன் விளைவாக இரு, மூன்று சக்கர வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156, பேருந்து, லாரி, கார்களுக்கான ஏ.ஐ.எஸ். 038 ஆகிய தரங்கள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக அமலாயின. ஒரு செல்லின் தீ பேக் முழுக்கப் பரவுகிறதா என்ற சோதனை, முன்னெச்சரிக்கை, செல் உருவான காலத்தை அறியும் ஏற்பாடு ஆகியவை இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது சாதாரண எழுத்து வேலைபோல் தோன்றலாம். ஆனால் எந்த வாரத்தில் எந்த வரிசையில் செய்த செல் எந்த வண்டியில் இருக்கிறது என்ற பதிவு இருந்தால் 200 வண்டியை அழைத்தால் போதும். இல்லையென்றால் 20,000-ஐ அழைக்க வேண்டும், அல்லது யாரையும் அழைக்காமல் விட வேண்டும்.

இந்தப் பதிவு எளிதில் அறுந்துபோகும் இடம் மூன்று சக்கர வண்டிகள். பேட்டரி இல்லாமலே மின் வாகனத்தை விற்கவும் பதிவு செய்யவும் 2020 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதித்தது. பேட்டரி மாற்று நிலையங்களை நம்பி ஓடும் ஆட்டோவில் காலையில் இருந்த பேக் மாலையில் இருக்காது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயருக்குக் கடிதம் அனுப்பிப் பயனில்லை. பேக்கின் எண்ணைத் தேடிப் பிடிப்பது மாற்று நிலையம் நடத்தும் நிறுவனத்தால் மட்டுமே ஆகும்.

நகரப் பேருந்துகளில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து தொடங்கிய தாழ்தள மின் பேருந்துகள், பல இந்திய நகரங்களில் உள்ளதுபோல, கிலோமீட்டர் கணக்கில் பணம் தரும் ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. இம்முறையில் பேருந்தும் பேட்டரியும் ஒப்பந்த நிறுவனத்துடையவை. பணிமனை இடமும் நடத்துநரும் கழகத்துடையவை. உற்பத்தியாளரின் அறிவிப்பு முறைப்படி போய்ச் சேர்வது ஒப்பந்த நிறுவனத்துக்கு. தீ பற்றினால் ஆபத்து பணிமனையில் உறங்கும் ஊழியருக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்கும். ஆகவே அறிவிப்பின் நகல் அன்றே கழகத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் தர வேண்டும் என்பது, சந்தேகத்துக்குரிய பேருந்துகளைத் தள்ளி நிறுத்த ஒதுக்கிய இடம், சேவை குறையும் நாட்களில் மாற்றுப் பேருந்து யார் தருவது, கிலோமீட்டர் குறைந்ததற்கான அபராதம் அந்த நாட்களில் செல்லுமா என்பன ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டியவை. அபராதம் செல்லும் என்றிருந்தால், சந்தேகமுள்ள பேருந்தையும் ஓட்டிவிடும் நெருக்கடி ஒப்பந்த நிறுவனத்துக்கு ஏற்படும்.